ருசி பார்க்கும் துணைக்குழு

உலக வரலாற்றிலேயே பாக்டீரியாவின் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுத்த முதல் ஆய்வு நிறுவனம் எங்களுடையதுதான். அந்த அறிக்கையை எழுதும் பாக்கியம் நிறுவனச் செயலரான எனக்குக் கிட்டியது.

எங்கள் ஆராய்ச்சியாளர் அம்மணி ஆறு வருடமாக ஒரு பாக்டீரியாவோடு மல்லுக்கட்டி, அதன் மரபணுவில் கைவைத்து வழிக்குக் கொண்டுவந்திருந்தார். சாதாரணச் சர்க்கரைப் பாகு கொடுத்தால் தின்றுவிட்டு, நொதிக்க வைத்து வேறொரு சர்க்கரையாகத் திருப்பிக் கொடுக்கும். அது நாக்குக்கு இனிக்கும், ரத்தத்தில் ஏறாது.

"எங்கப்பா இருபது வருஷமா சப்புன்னு டீ குடிக்கிறார் அண்ணா. ஒரு டம்ளராவது இனிப்பா குடுத்துடணும்," என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆராய்ச்சிக்கு இப்படிச் சொந்தக் காரணம் வைத்துக்கொள்ள விதியில் இடமுண்டா என்று நான் அன்றைக்கே புரட்டிப் பார்த்தேன்.

முதல் தடவையாகப் பெரிய தொட்டி. மூன்று நாள் மூடியைத் திறக்கக் கூடாது. சரியாக வந்தால் அவர் பிரிவு பிழைக்கும். வராவிட்டால் பிரிவுக்குப் பூட்டு, அம்மணிக்குச் சாமான் கிடங்கு.

இவ்வளவு பெரிய பொறுப்பை வெறும் பாக்டீரியாவை நம்பி விட முடியுமா? இயக்குநர் உடனே 'ருசி பார்க்கும் துணைக்குழு' அமைத்தார். அவரையும் சேர்த்து ஏழு பேர். குறிப்பெடுக்க எட்டாவதாக நான். பாக்டீரியா பற்றி எங்களில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது; ஆகவே பாரபட்சத்துக்கு இடமே இல்லை. எவர்சில்வர் கரண்டியா பீங்கான் கரண்டியா என்பதை இரண்டே மணி நேரத்தில் முடிவு செய்தோம்.

இரண்டாம் நாள் காலை குழு தொட்டியைப் பார்வையிட்டது.

"மூடியத் திறம்மா," என்றார் இயக்குநர்.

"ஐயோ, வெளிக் கிருமி உள்ள போயிடும் சார். இந்தக் குழாயில பிடிச்சுத் தர்றேன்."

"குழாயில வர்றது நீ காட்டுறது. நாங்க வந்திருக்கிறது நேரடி ஆய்வுக்கு."

"உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன் சார். இன்னும் ஒரே ஒரு நாள்..."

"கிருமின்னு யாரச் சொல்றீங்க?" என்று குழுவில் இருந்த நிர்வாக அதிகாரி முகம் சிவந்தார்.

மூடி திறந்தது. இயக்குநர் கரண்டியை விட்டு எடுத்தார், நக்கினார், கண்ணை மூடினார். "உறுதியாச் சொல்ல முடியல," என்று அதே கரண்டியை மறுபடி உள்ளே விட்டார். இயக்குநருக்கே இரண்டு வாய் தேவைப்பட்டபோது, மற்றவர்கள் ஒரே வாயில் கண்டுபிடித்தால் மரியாதையாக இருக்குமா? ஆளுக்கு இரண்டு முறை நக்கினோம். நானும்தான்.

மூன்றாம் நாள் தொட்டி நுரை தள்ளியது. அறை முழுக்கப் புளித்த நாற்றம். அம்மணி ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. அதைக் குறிப்பில் எழுதினேன். எழுதிய பிறகு அடித்துவிட்டேன்.

பிற்பகலில் விசாரணைக் குழு கூடியது. ஆட்கள் அதே எட்டுப் பேர். அனுபவம் வீணாகக் கூடாதல்லவா?

"என்னதான்மா ஆச்சு?"

"புதுசா ஒரு கிருமி உள்ள பூந்திருக்கு சார். அது ஒரு வேலையும் செய்யாது. வேலை செய்யறதுக்கு வச்ச பாகைத் தின்னும், வாயு விடும், எல்லாத்தையும் புளிக்க வச்சிடும். எப்பவும் கூட்டமாத்தான் திரியும்."

"இப்படியும் ஒரு ஜென்மமா!" என்று இயக்குநர் கொதித்தார். "எங்கேருந்து வந்துச்சு?"

"மனுஷங்க வாயில இருக்கும் சார். அந்தக் கரண்டிங்களப் பரிசோதனைக்கு எடுத்து வச்சிருக்கேன்."

சுகாதாரம் கருதி எல்லாக் கரண்டிகளையும் உடனே கழுவி வைக்கும்படி இயக்குநர் உத்தரவிட்டார். அவர் தொலைநோக்கு அப்படி.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. தன் இருப்பிடத்தைக் காக்கத் தவறிய குற்றத்துக்காக அந்தப் பாக்டீரியாவை நீராவியில் அவித்துக் கொட்டுவது. அம்மணியைக் கிடங்குக்கு மாற்றுவது. அவர் வெளியே போகும்போது என்னை மட்டும் பார்த்து, "உங்களுக்குத் தெரியும்ல அண்ணா?" என்றார். நான் பேனாவுக்கு மூடியைத் தேடினேன்.

அறிக்கையில் கடைசியாக ஒரு கட்டம் பாக்கி இருந்தது: 'நாசத்துக்குக் காரணமான கிருமியின் அடையாளங்கள்'. அம்மணி சொன்னதையே எழுதினேன். வேலை செய்யாது, வேலை செய்பவர்களுக்கு வைத்ததைத் தின்னும், வாயு விடும், எப்போதும் கூட்டமாகவே திரியும்.

வழக்கப்படி, அதற்குக் கீழே எட்டுப் பேரும் வரிசையாகக் கையெழுத்திட்டோம்.