மாப்பிள்ளையின் சம்பளமும் என் ஒற்றை ஓட்டும்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். தொடங்கிவிட்டேன், ஆனால் உங்கள் அத்தையின் முழங்கால் அதில் கையெழுத்துப் போட மறுக்கிறது. அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக் குழாய் ரிப்பேர் ஆகிவிட்டதா என்று அத்தை கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

நான்கு மாதமாக நான் உங்களுக்குப் போன் பண்ணாததற்கும், நீங்கள் பண்ணும்போதெல்லாம் போனை அத்தை கையில் கொடுத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டதற்கும் காரணம் கோபம் இல்லை. அரசு வழக்கறிஞர்களுக்கும் நிர்வாக நீதிபதிகளுக்கும் நியாயமான சம்பளம் எவ்வளவு என்று முடிவு செய்யும் ஊதியக் குழுவில் என்னையும் ஒருவனாகப் போட்டிருந்தார்கள். நீங்களோ அரசு வழக்கறிஞர். நாம் குழாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் சம்பளத்தில் வந்து சொட்டும் என்று பயந்தேன். நேற்றோடு கூட்டங்கள் முடிந்தன. திங்கட்கிழமை அறிக்கை மேலிடத்துக்குப் போகிறது. அதனால் இப்போது மனம் விட்டு எழுதுகிறேன்.

பிஸ்கட் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் ஸ்டாப்வாட்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு ஆள் ஒரு பெட்டியை எத்தனை வினாடியில் ஒட்டுகிறான் என்று அளந்தவன் நான். அங்கே எனக்கு 'டிக்டிக்' என்று பெயர் என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாலேயே விசாரித்திருப்பீர்கள். அந்த அனுபவத்தை நம்பித்தான் கூப்பிட்டார்கள். குழுவில் மூன்று பேர். தலைவர், தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற அம்மா. ஒரு ரூபாயை மூன்று தடவை திருப்பிப் பார்க்காமல் விடமாட்டார். இன்னொருவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். முதல் நாளே நான் எழுந்து, என் மாப்பிள்ளை அரசு வழக்கறிஞர் என்று சொன்னேன். உடனே தலைமையாசிரியரும் எழுந்து, தன் தம்பி நிர்வாக நீதிபதி என்றார். தலைவர் அம்மா சட்ட ஆலோசனை கேட்டு வாங்கிவிட்டு, வழக்கறிஞர் சம்பளம் பேசும்போது நான் வெளியே போக வேண்டும், நீதிபதி சம்பளம் பேசும்போது அவர் வெளியே போக வேண்டும், எந்த முடிவுக்கும் இரண்டு ஓட்டு வேண்டும் என்று விதி எழுதினார். ஆக எட்டுக் கூட்டத்திலும் நானும் தலைமையாசிரியரும் வாசற்படியில்தான் சந்தித்துக்கொண்டோம். அவர் உள்ளே போவார், நான் வெளியே வருவேன். வராந்தா பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்த சூடு ஆறுவதற்குள் நான் உட்காருவேன். நான்கு மாதத்தில் அவரோடு சேர்ந்து செய்த ஒரே காரியம் டீ குடித்தது.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. பழைய உத்தரவு ஒன்று, வழக்கறிஞர் சம்பளம் நீதிபதி சம்பளத்தில் பத்தில் ஒன்பது பங்கு இருக்க வேண்டும் என்கிறது. அதைவிடப் பழைய உத்தரவு ஒன்று, வழக்கறிஞர் என்ன வாங்குகிறார் என்று பார்த்துத்தான் நீதிபதிக்கு நிர்ணயிக்க வேண்டும் என்கிறது. விதை முந்தியா மரம் முந்தியா என்று மூன்று கூட்டம் ஓடியது. நான் உள்ளே இருக்கும்போது விதை, அவர் உள்ளே இருக்கும்போது மரம். கடைசியில் தலைவர் அம்மா, முதலில் நீதிபதிக்கு முடிவு செய்வோம், மற்றது தானாக வரும் என்றார். ஆனால் எவ்வளவு என்று கேட்டால், இருப்பதே போதும் என்றார். அவர்களுடைய வேலை எவ்வளவு என்று பார்க்காமல் எப்படிச் சொல்வது என்று நான் கேட்டேன். போய் அளந்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையிலேயே ஸ்டாப்வாட்சோடு நிர்வாக நீதிமன்றத்துக்குப் போனேன். அந்த இடத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அத்தைக்குச் சொன்னபோது, அரசு ஆபீசுக்கும் சாதாரண ஜனங்களுக்கும் தகராறு வந்தால் தீர்த்து வைக்கிற இடம் என்றேன். அப்படியானால் நம் வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்றாள். வாசலில் இருந்தவர் என்னைப் பார்த்ததும் ஒரு டோக்கனைக் கையில் திணித்தார். பார்வையாளருக்கும் டோக்கன் உண்டு போலிருக்கிறது என்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முதல் வழக்குக்கு வாட்சை அழுத்தினேன். கடை உரிமம் பறிபோன ஒரு அம்மாளுடையது. கேட்டுக்கொண்டே இருந்ததில் நிறுத்த மறந்துவிட்டேன். மூன்றாவது வழக்கில்தான் ஞாபகம் வந்தது. திரும்ப அழுத்துவதற்குள் பதினேழாம் நம்பர் என்று கூப்பிட்டார்கள். யாரும் எழவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். பக்கத்தில் இருந்தவர் என் சட்டைப்பையை எட்டிப் பார்த்து, நீங்கதாங்க என்று எழுப்பி விட்டுவிட்டார்.

நீதிபதி என் மகள் வயதுள்ள ஒரு பெண். என் குறை என்ன என்று கேட்டார். குறை ஒன்றும் இல்லை என்றேன்.

"குறை இல்லாம யாரும் இங்க டோக்கன் வாங்கறதில்லைங்க. பரவாயில்ல, நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."

மாப்பிள்ளை, நம் வீட்டுக் கதவு எண்ணுக்காக நான் அலைந்த இருபத்தாறு வருஷத்தில் எந்த ஆபீசிலும் என்னை யாரும் நிதானமாக யோசிக்கச் சொன்னதில்லை. சம்பளத்தை அளக்க வந்தவன் என்று சொல்லித் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. நம் வீட்டுக்கும் பக்கத்துப் பல் டாக்டர் வீட்டுக்கும் ஒரே கதவு எண் இருப்பதை, விடியற்காலையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் நம் கதவைத் தட்டுவதை, ஒருவர் நான் டாக்டர் இல்லை என்று சொல்லியும் நம்பாமல் வாயைத் திறந்து காட்டியதை, நகராட்சிக்கு நான் எழுதிய ஒன்பது மனுவை, ஒன்று விடாமல் கொட்டிவிட்டேன். அவர் ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மனுவை எழுத்தர் அங்கேயே எழுதி வாங்கினார். அன்றைக்கு நகராட்சி வழக்குகளுக்காக வந்திருந்த அரசு வழக்கறிஞர் எழுந்தார். இரண்டு கையிலும் கட்டுக் கட்டாகக் கோப்பு. என்னுடையது அதில் இல்லை. பத்து நிமிஷம் கேட்டு வாங்கிக்கொண்டு, மூன்று மாடி ஏறி இறங்கி மூச்சு வாங்கப் பதிவேட்டைக் கொண்டுவந்தார். அதன்படி டாக்டர் வீட்டுக்கு எண் கொடுத்தது நம் வீட்டுக்கு மூன்று வாரம் முந்தி. தீர்ப்பு எனக்கு எதிராகப் போயிற்று. எண் அவருக்கு, நமக்கு அதே எண்ணில் 'ஏ' சேரும்.

"எண்ணை விட்டுக் கொடுக்கறது உங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா வலியோட வர்றவங்க பழைய எண்ணைத்தான் ஞாபகம் வச்சிருப்பாங்க. அதனாலதான் இப்படி முடிவு பண்றேன்" என்றார்.

எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டு ஏன் என்றும் சொல்கிற ஆளை நான் அப்போதுதான் பார்த்தேன். வராந்தாவுக்கு வந்தால் அந்த வழக்கறிஞர் பின்னாலேயே வந்து, முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், விண்ணப்பம் எந்த ஜன்னலில் கிடைக்கும் என்று விளக்குகிறார். எனக்கு எதிராக வாதாடியது நீங்கள்தானே தம்பி என்று கேட்டேன்.

"நான் ஜெயிச்சேங்கறதுக்காக உங்களுக்கு வழி சொல்லக் கூடாதுன்னு இல்லையே சார்" என்றார்.

அவர் சட்டைக் காலர் நைந்திருந்தது. அவர் முகத்தில் எனக்கு உங்கள் முகம் தெரிந்தது. மேல்முறையீடு செய்யவில்லை. தோற்றுப் போய் அவ்வளவு நிம்மதியாக நான் வீடு திரும்பியதே இல்லை. அத்தைதான், ஜெயித்துவிட்டீர்களா என்று கேட்டு, பதிலைக் கேட்டுவிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

போன வியாழக்கிழமை கூட்டத்தில் தலைவர் அம்மா என் அளவுக் கணக்கைக் கேட்டார். வாட்ச் கெட்டுவிட்டது என்று சாக்குச் சொல்லாமல், நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தோத்துட்டு வந்த நீங்களே அவங்களுக்கு ஏத்திக் கொடுக்கச் சொல்றீங்களா?" என்றார்.

"தோத்ததனாலதாம்மா சொல்றேன். ஜெயிச்சிருந்தா நல்ல மனுஷங்கன்னு மட்டும் சொல்லியிருப்பேன்."

சேவை மனப்பான்மை என்று ஒன்று இல்லையா என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் வீட்டுக்காரர் வாடகைக்கு அதை வாங்கிக்கொள்ள மாட்டார் என்றேன். அப்படியானால் எவ்வளவுதான் நியாயம் என்று கேட்டதற்கு, இந்த வேலைக்கென்றே பிறந்தவர் விட்டுப் போகாத அளவுக்கும், சம்பளத்துக்காக மட்டும் ஒருவர் உள்ளே வராத அளவுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது என்று சொன்னேன். பேனாவைத் திறந்து, தாளில் மூன்று தடவை கூட்டிக் கழித்துப் பார்த்தார். பிறகு, நான் கேட்டதில் முக்கால் பங்கு உயர்வை எழுதிக் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். நான் வெளியே வர, தலைமையாசிரியர் உள்ளே போய் வழக்கறிஞர்களுக்குப் பத்தில் ஒன்பதுக்குக் கையெழுத்துப் போட்டார். உங்கள் உயர்வில் என் கை படவே இல்லை. நான் ஆட்டிய மரத்திலிருந்து அது தானாக விழுந்தது, அவ்வளவுதான்.

இத்தனையும் எழுதக் காரணம் ஒன்று உண்டு. உங்கள் மேஜையில் ராஜினாமாக் கடிதம் கிடப்பதைப் பார்த்ததாகப் போன வாரம் மகள் அத்தையிடம் சொன்னாள். ஏதாவது கம்பெனி மூன்று மடங்கு தருகிறேன் என்று கூப்பிட்டிருக்கும். குடும்பஸ்தர், உங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் எழுந்து போனால் அந்த நாற்காலியில் யாராவது வந்து உட்காரத்தான் போகிறார்கள். தோற்றவன் பின்னால் வராந்தா வரை வருகிற ஆளாக அவர் இருப்பாரா என்று தெரியாது. பெண் கொடுத்தவன் கையெடுத்துக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டாம்.

பேத்திக்கு என் முத்தம். மகளுக்கு ஆசி. உங்கள் அம்மா அப்பாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். நீங்கள் இருக்கிற இடத்திலேயே நிலைத்து, நீண்ட நாள் நிறைவாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மகள் போன் பண்ணினாள். நீங்கள் எந்தக் கம்பெனிக்கும் போகவில்லையாம். உங்களை நிர்வாக நீதிபதியாகப் போட்டிருக்கிறார்களாம். அதற்காகத்தான் வழக்கறிஞர் பதவிக்கு ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருக்கிறீர்களாம். நான் குழுவில் இருப்பதால் எனக்குச் சங்கடம் வேண்டாமென்று வாயைத் திறக்கவில்லையாம். உத்தரவு உங்கள் கைக்கு வந்தது புதன்கிழமை. நான் நீதிபதிகளுக்கு ஓட்டுப் போட்டது வியாழக்கிழமை. ஆகவே என் ஓட்டு செல்லாது என்று தலைவர் அம்மாவுக்கு இப்போதே தனிக் கடிதம் எழுதிவிட்டேன். அது செல்லாவிட்டால் மிச்சம் இருப்பது அவருடைய ஒரே ஓட்டு. நீதிபதிகளின் உயர்வு போயிற்று. அதில் பத்தில் ஒன்பதும் கூடவே போயிற்று. உங்கள் பழைய நண்பர்களிடம் நான் யார் என்று சொல்ல வேண்டாம். ராஜினாமாக் கடிதத்தைத் தாராளமாக அனுப்புங்கள். புதிய பதவிக்கும் பழைய சம்பளத்துக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள்.