அக்கா கல்யாணத்துக்கு நான் காய்ச்சிய க்ரீம்

மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்துவிட்டு முப்பது வருட அனுபவசாலி மாதிரிப் பேசுகிறவர்கள் உண்டு. நான் அந்த ரகம்.

பதுளையில் மூலிகை அழகுசாதனப் பயிற்சி நடந்தது. முதல் நாள் வல்லாரைச் சாறு, இரண்டாம் நாள் கற்றாழை, மூன்றாம் நாள் சான்றிதழ். சான்றிதழ் கொடுத்த பிறகு முக்கியமான ஒன்று சொன்னார்களாம்: எந்தச் சாறானாலும் முழங்கையின் உட்புறம் ஒரு துளி தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் முகத்தில் பூச வேண்டும். நான் அப்போது சான்றிதழில் என் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா கலைவாணியின் கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருந்தது. எங்கள் தோட்டம் பசறைக்கு மேலே; மாப்பிள்ளை வீடு லுணுகலைப் பக்கம். தேயிலைக் கொழுந்து பறித்துப் பறித்து வெயிலில் கறுத்த அக்கா முகத்தை நாலே நாளில் மின்ன வைப்பதாக அறிவித்தேன். (யாரும் கேட்கவில்லை. அக்கா உட்பட.)

பதுளை நாட்டு மருந்துக்கடைக்கார நானாவிடம் மரமஞ்சள் கட்டை ஒரு கிலோ கேட்டேன்.

"ஒரு கிலோவா? கசாயத்துக்கு ரெண்டு துண்டு போதுமே மகள்."

"கசாயத்துக்கு இல்ல நானா. எக்ஸ்ட்ராக்ட் எடுக்கப் போறேன்."

அந்தச் சொல்லைச் சொன்னதும் என் முதுகு தானாக நிமிர்ந்தது. நானா ஒரு கிலோவை நிறுத்துக் கொடுத்தார்.

ஒரு பானைத் தண்ணீர் ஒரு கோப்பை ஆகும்வரை சுண்டக் காய்ச்சினேன். பயிற்சியில் அளவு சொன்னார்கள்தான். கொஞ்சம் நல்லதென்றால் நிறைய ரொம்ப நல்லது என்பது என் சொந்த விஞ்ஞானம். கற்றாழையும் தேங்காயெண்ணெயும் கலந்து, டப்பாவில் அடைத்து, 'மூன்றே நாளில் பொன்னிறம்' என்று எழுதி ஒட்டினேன். பொய்யில்லை. மூன்று நாள்கூட ஆகவில்லை.

அன்று பின்னேரம் கூறைச்சேலை காட்ட வந்த மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் ஒரு டப்பா கொடுத்தேன்.

"இந்த வயசுல எனக்கு எதுக்கும்மா?" என்றபடியே அத்தை அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அன்றிரவு அக்காவுக்கு முகம், கழுத்து, கை எல்லாம் தாராளமாகப் பூசினேன். காலையில் கழுவினால் க்ரீம் போனது, நிறம் போகவில்லை. சவுக்காரம், எலுமிச்சம்பழம், கடலைமா எல்லாம் தேய்த்துப் பார்த்தோம். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் பளபளத்தது. அக்கா அழவில்லை. தேயிலைச் செடி வெட்டும் அப்பாவின் கவ்வாத்துக் கத்தி எங்கே என்று அமைதியாகக் கேட்டாள்.

எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டார் காமாலை என்றார்கள்; அம்மா எங்களை ஆட்டோவில் ஏற்றினார். ஆஸ்பத்திரி போகும்வரை அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "கல்யாணம் நின்னுச்சுன்னா என் மூஞ்சில முழிக்காத."

டாக்டர் அக்காவின் இமையை இழுத்துப் பார்த்தார். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் கன்னத்தைத் துடைத்தார். பஞ்சு மஞ்சளானது.

"காமாலை இல்ல, சாயம். என்ன பூசினீங்க?"

"இயற்கையானதுதான் டாக்டர்," என்றேன்.

"ஊமத்தங்காயும் இயற்கைதான்," என்றார். சாயம் போகப் பத்து நாளாவது ஆகுமாம்.

வீடு திரும்பினால் எங்கள் லயத்து வரிசைவீட்டு வாசலில் மாப்பிள்ளை வீட்டு வேன் நின்றது. பொண்ணுக்குக் காமாலை என்ற செய்தி நாங்கள் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே லுணுகலை போய்விட்டது. அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இறங்கினார்.

"சீக்குக்காரப் பொண்ண எங்க தலையில கட்டப் பாத்தீங்களே சம்பந்தி. சேலை காட்ட வந்த எனக்கும் தொத்திருச்சு. காலையில இருந்து கீழாநெல்லி குடிச்சிக்கிட்டு இருக்கேன்."

முந்தானையை விலக்கினார். அக்காவை விட ஒரு படி கூடுதல் மஞ்சள்.

அம்மா என்னைப் பார்த்தார். தப்பித்து ஓட பின்வாசல் இல்லாத வீடு எங்களுடையது.

"காமாலை இல்ல அத்தை. அந்த டப்பா. நான்தான்," என்றேன்.

"எந்த டப்பா? நான் ஒண்ணும் பூசல," என்றார் அத்தை. காதுமடல் வரை மஞ்சளாக.

முதலில் சிரித்தது அக்கா. விடியற்காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் சிரிப்பாக வந்து கடைசியில் அழுகையானது. அத்தை முந்தானையை இடுப்பில் செருகினார். பிறகு அக்காவின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாராச்சும் கேட்டா நலங்கு மஞ்சள் கூடிப்போச்சுன்னு சொல்லுங்க," என்றார். "நான் பூசுனது வேன் டிரைவருக்குக்கூடத் தெரியக்கூடாது."

(டிரைவர் வாசலிலேயே நின்றிருந்தார். பாவம், அவரும் தெரியாத மாதிரி வானத்தைப் பார்த்தார்.)

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. ஆல்பத்தில் மாமியாரும் மருமகளும் ஒரே மாம்பழக் குலையில் பழுத்த மாதிரி நிற்கிறார்கள். மாப்பிள்ளை மட்டும் வேறு மரம். இப்போதும் எங்கள் சொந்தத்தில் யாராவது ஜாதகத்தை விரித்துப் பத்துப் பொருத்தமும் சரி என்று சொன்னால், அத்தைதான் முந்திக்கொள்வார்.

"நிறப் பொருத்தம் ஒண்ணு பாக்கி இருக்கு. சின்னவகிட்ட ஒரு டப்பா வாங்கிட்டுப் போங்க."