ஐம்பதுக்குக் குறைய

“அண்ணை, என்ர வீட்டு வயரில ஏன் கை வைக்கிறியள்?”

ஏணியின் உச்சியில் நின்ற சிங்கராசா கீழே பார்க்கவில்லை. கேட்டது கூடப்பிறந்த தங்கை றஞ்சிதம்.

“நான் வெட்டேல்லை பிள்ளை. அரசாங்கம் வெட்டுது.”

“அரசாங்கமோ என்ர ஏணியில ஏறி நிக்குது?”

ஏணியும் அவளுடையதுதான்.

நாட்டில் சண்டை முடிந்த அடுத்த வருடம், படகு எஞ்சினை விற்று, மன்னார்ப் பக்கம் பேசாலை ஊரின் கிழக்குத் தெருவில் கேபிள் டிவி தொடங்கியவர் சிங்கராசா. எழுபத்தொரு வீடு சேர்ந்தது. நன்றாகத்தான் போனது. பிறகு கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. லைசன்ஸ் இல்லாவிட்டால் டிஷ் முதல் வயர் வரை பறிமுதல்.

மூன்று முறை கொழும்புக்குப் போனார். முதல் முறை கையெழுத்து வைக்கும் பெரிய அதிகாரி ஏதோ கூட்டத்தில் இருந்தார். இரண்டாம் முறை படிவம் முடிந்திருந்தது. மூன்றாம் முறை ஒரு கிளாக்கர் இரக்கப்பட்டு, ஐம்பது வீட்டுக்குக் குறைந்தால் லைசன்ஸே தேவையில்லை என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே, கழற்ற வேண்டிய இருபத்தொரு வீட்டின் பெயரை எழுதினார். சொந்தக்காரரைத்தான் முதலில் எழுதினார். சொந்தக்காரர் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்பிய அப்பாவி அவர்.

றஞ்சிதம் பேச்சை நிறுத்தினாள். மச்சான் மீன் கொடுப்பதை நிறுத்தினார். பூசை முடிந்து வெளியே வந்தால் மாதா கோயிலை நடத்தும் மூப்பர்கூட வேறு பக்கம் பார்த்தார். இரண்டு கிழமையில் எல்லாச் சத்தமும் அடங்கியது. சனம் சட்டத்தை விளங்கிக்கொண்டது என்று சிங்கராசா மூச்சு விட்டார்.

கிளாக்கருக்குப் போன் எடுத்தார். “ஐயா, ஐம்பதாக் குறைச்சிட்டன்.”

“ஐம்பது இல்லை. ஐம்பதுக்குக் குறைய.”

இன்னும் ஒரு வீடு. இனி யாரிடமும் ஏணி கேட்க முகமில்லை. ஏணி இல்லாமல் கழற்றக்கூடியது ஒரே ஒரு வீட்டு வயர்தான். அவருடைய வீடு.

மனைவி எடித் கத்தவில்லை. “ஊருக்கெல்லாம் படம் காட்டுற மனுசன், பெண்சாதிக்கு வெறும் பெட்டியைக் காட்டுறார்” என்று மட்டும் சொல்லிவிட்டு, உடுப்புப் பையோடு மேற்குத் தெருவிலுள்ள தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே யாகப்பரின் கேபிள். சிங்கராசா அறிந்தவரை முப்பத்தைந்து வீட்டோடு தட்டுத்தடுமாறுகிற போட்டிக்காரர் அவர்.

சிங்கராசா தனியே பாணும் சம்பலும் தின்றார்.

“எஞ்சின் போச்சு, தங்கச்சி போயிட்டாள், மனுசியும் போயிட்டாள். தாயே, இந்த வயராவது மிஞ்சட்டும்” என்று மடுமாதாவிடம் அழுதார்.

ஒரு நாள் கொழும்பிலிருந்து அதிகாரி ஜீப்பில் வந்தார். வீடு வீடாகப் போய் எண்ணினார். “நாற்பத்தொன்பது. சரி” என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தார். சிங்கராசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அரசாங்கம் அவரைப் பார்த்துச் சரி என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

அதிகாரி டிஷ்ஷைப் பார்க்கக் கொல்லைப் பக்கம் போனார். ஜீப் ஓட்டிவந்த மன்னார்ப் பொடியன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

“இனிப் பயமில்லைத்தானே தம்பி?” என்று சிங்கராசா கேட்டார்.

“போன கிழமை சட்டம் மாறிட்டுது அண்ணை, இனி ஐம்பதுக்குக் குறைய உள்ளதுகளை மூடச் சொல்லித்தான் உத்தரவு, மேற்குத் தெரு யாகப்பர், கிழக்குத் தெருவில இருந்து புதுசா இருபத்தொரு வீடு வந்து சேந்தபடியால் தப்பிட்டார்.”