இரண்டரை மணி வரைக்கும்

"ரெண்டுன்னரக்கி ரண்டி சார்" என்று தெலுங்கில் இரண்டரைக்கு வரச் சொன்னார் கேட்டில் இருந்த காவலாளி.

தனசேகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு இருபது.

"ரெண்டரை வரைக்கும் உள்ள எங்கியாவது உக்காந்துனு இருக்கேனே? மரத்தடி போதும்."

"உள்ள விட்டா என்னைத்தான் வெளிய அனுப்புவாங்க. மேனேஜர் ரூல்ஸ்" என்று காவலாளி கேட்டைச் சாத்தினார்.

சித்தூரில் மாம்பழக்கூழ் தயாரிக்கும் கம்பெனி அது. ஸ்டோர் சூப்பர்வைசர் வேலை. தனசேகருக்கு வயது நாற்பத்தாறு. திருப்பதியில் அவர் பதினெட்டு வருஷம் ஸ்டோர் பார்த்த பைப் கம்பெனி, ஏழு மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலையில் மூடிக்கொண்டது. அதன் பிறகு இது ஆறாவது இன்டர்வியூ. ஐந்தாவதற்கு ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்குப் போனபோது பஸ் வழியில் நின்று, கால் மணி நேரம் தாமதமாகி, வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால் இந்த முறை மனைவி ஸ்வர்ணலதா விடியுமுன் எழுப்பி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டு, முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டிருந்தாள்.

சீக்கிரம் வந்தாயிற்று. இனி ஆறு மணி நேரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் மின்விசிறிக்குக் கீழே இருந்த பெஞ்சில் ஒரு குடும்பம் படுத்திருந்தது. ஓட்டலுக்குப் போனார். இரண்டு இட்லியை முக்கால் மணி நேரம் தின்றார். "வேற இன்னா சார்?" என்று சர்வர் மூன்றாவது முறை கேட்டபோது அந்தக் குரலில் 'சார்' கொஞ்சம் தேய்ந்திருந்தது. ஏசி இருக்கிறதே என்று ஒரு ஜவுளிக்கடைக்குள் நுழைந்தார். அங்கிருந்த பெண் பதினொரு புடவையை விரித்துவிட்டு, "அக்காவுக்கு எந்தக் கலர் பிடிக்கும்?" என்று கேட்டாள். ஏழு மாதமாக அக்காவுக்கு எந்தக் கலரும் வாங்கித் தராத தனசேகர், போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

மே மாத வெயில். சட்டை முதுகில் ஒட்ட ஆரம்பித்தது. அப்போதுதான் ஒரு சந்துக்குள் ஷாமியானாவும், அதன் கீழே வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகளும் கண்ணில் பட்டன. முக்கால்வாசி காலி. நல்ல நிழல். கடைசி வரிசையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, சர்டிபிகேட் பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடினார். நாளில் முதல்முறையாக உடம்புக்கு இதமாக இருந்தது.

திடீரென்று மேளம் அடித்தது. கண்ணைத் திறந்தார். முன்னால், பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்த இடத்தில், கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டி. அதற்குள் ஒரு பெரியவர்.

எழுந்திருக்கலாம் என்று நினைத்தார். அதற்குள் ஒரு தடித்த அம்மாள் அவர் கையில் காபியைத் திணித்துவிட்டாள். சாவு வீட்டுக் காபியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து ஓடுவது எப்படி?

பைக்குள் போன் அடித்தது.

"எங்க கீறீங்க?" என்றாள் ஸ்வர்ணலதா.

"நெழல்ல உக்காந்துனு கீறேன்."

"இன்னா அது, மேளச் சத்தம்?"

"பக்கத்துல ஏதோ விசேஷம்."

"நல்ல சகுனங்க! அங்கியே உக்காருங்க. சட்டைய கசக்கிக்காதீங்க."

போனை வைத்ததும் அந்த அம்மாள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். பெயர் வெங்கடலட்சுமி. எதிர் வீடு. இந்தச் சாவை முழுக்க அவள்தான் நடத்திக்கொண்டிருந்தாள்.

"எந்த ஊரு தம்பி?"

"திருப்பதி."

"அம்மாந்தூரத்திலர்ந்தா வந்துகீற! மாசிலாமணிக்கு நீ இன்னா வேணும்?"

'ஒன்றும் வேண்டாம், நிழல்தான் வேண்டும்' என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"ஒண்ணா வேலை செஞ்சோம்" என்றார். "கோடவுன்ல."

அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தார். வெங்கடலட்சுமி நிறுத்தவில்லை.

"பத்மா! இங்க வாடி. உங்க நைனாகூட கோடவுன்ல வேல செஞ்சவராம், திருப்பதிலர்ந்து வந்துகீறாரு!"

இறந்தவரின் ஒரே மகள் பத்மாவதி எழுந்து வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். முகம் வீங்கியிருந்தது. அவர் நாற்காலிக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நைனா கோடவுன்ல வேல செஞ்சாரா? எனக்குத் தெரியாதேண்ணா. நான் இஷ்டப்பட்டவரக் கட்டிக்கினு வந்துட்டேன்னு பதினோரு வருஷம் ஊர்ல ஒருத்தரும் பேசல. நைனாவும் பேசல. மூணு மாசம் முன்னாடிதான் சத்தியவேடு பக்கத்திலர்ந்து ஒரு துணிப் பையோட தானா வந்து வாசல்ல நின்னாரு. நடுவுல இன்னா செஞ்சாரு, எங்க துன்னாரு, ஒண்ணும் தெரியாது. நீங்க சொல்லுங்கண்ணா. எப்டி இருந்தாரு?"

தனசேகர் பையை மடியில் இறுக்கிக்கொண்டார். உண்மையைச் சொல்ல இதுதான் கடைசிச் சந்தர்ப்பம் என்று தெரிந்தது. ஆனால் அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதிகம் பேசமாட்டாரு" என்றார். "தனியா துன்னவே மாட்டாரும்மா. டப்பாவத் தொறந்தா பக்கத்துல கீறவனுக்குத்தான் மொதல்ல வெப்பாரு."

"என்னப் பத்தி எதுனா சொல்வாரா?"

"தெனமும்" என்றார் தனசேகர்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தை அதில் புதைத்து, சத்தமில்லாமல் அழுதாள். தனசேகருக்கும் கண்ணில் நீர் வந்தது. பெரியவருக்காகவா, தனக்காகவா என்று அவருக்கே விளங்கவில்லை.

பதினோரு மணிக்கு மெல்ல நழுவிவிடலாம் என்று கணக்குப் போட்டார். பதினோரு மணிக்குத்தான் சங்கடம் முற்றியது. வந்துகொண்டே இருக்கிறோம் என்று காலையிலிருந்து சொன்ன ஊர்ச் சொந்தக்காரர்கள் போனை அணைத்துவிட்டார்கள். பத்மாவதியின் கணவன் குவைத்தில் இருந்தான். போன் திரையில் முகம் மட்டும் வந்து அழுதது. ஐஸ் பெட்டியைப் பன்னிரண்டு மணிக்கு வேறு வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று பெட்டிக்காரன் இரண்டு முறை எட்டிப் பார்த்தான். சவ வண்டி சந்துக்குள் நுழையவில்லை. மெயின் ரோட்டில் நின்றது.

வெங்கடலட்சுமி இடுப்பில் கைவைத்து நாற்காலிகளைப் பார்த்தாள். பெண்களையும் மேளக்காரர்களையும் விட்டால் மிச்சம் நான்கு ஆண்கள்.

"நாலு பேர் கீறீங்க. போதும். எழுந்திருங்க."

நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மற்ற மூவரையும் தனசேகர் அப்போதே எடை போட்டு வைத்திருந்தார். முன் வரிசையில் இருந்த நெட்டை ஆள், பெரியவரின் தங்கை மகனாக இருக்க வேண்டும், அதே மூக்கு. கண்ணாடி போட்டவர் தம்பி முறை. அடிக்கடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். தோளில் துண்டு போட்ட குண்டு மனிதர், பேசாமல் இருப்பதைப் பார்த்தால், ஏதோ பழைய மனஸ்தாபம் உள்ள சம்பந்தி. இத்தனை உரிமையுள்ளவர்களுக்கு நடுவில் தான் ஒருவன் திருடன்போல் உட்கார்ந்திருப்பதாக அவருக்குக் கூசியது.

நெட்டை ஆள் பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்தார். மற்ற இருவரும் எழுந்தார்கள். தனசேகரும் எழுந்தார்.

மகன் இல்லாததால் பத்மாவதியே கொள்ளிச் சட்டியை எடுத்து முன்னால் நடந்தாள். பெரியவர் அவ்வளவாகக் கனக்கவில்லை. மூன்று மாதம் மகள் கையால் சாப்பிட்டும் இவ்வளவுதானா என்று தனசேகருக்கு நெஞ்சு கனத்தது. ரோஜா மாலை ஒன்று அறுந்து அவர் சட்டையின் இடது பக்கம் முழுக்கச் சிவப்பாக இழுத்துக்கொண்டு போனது.

சுடுகாட்டில் எல்லாம் முடிய ஒன்றே முக்கால். கிளம்பலாம் என்று திரும்பும்போது அங்கிருந்த ஆள் ஒரு வாளித் தண்ணீரை அவர் தலையில் கவிழ்த்தான்.

"தூக்கினவங்க தல முழுவாம போவக்கூடாது சார்."

போன் அடித்தது.

"சட்டை கசங்கலியே?" என்றாள் ஸ்வர்ணலதா.

"கசங்கல" என்றார் தனசேகர். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது; கசங்க வழியே இல்லை.

பத்மாவதி அவர் அருகில் வந்தாள். "சாயங்காலம் வூட்டுக்கு வந்துட்டுப் போங்கண்ணா. நைனாவப் பத்தி இன்னும் சொல்லணும் நீங்க."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டோ பிடித்து, கம்பெனி வாசலில் இறங்கும்போது இரண்டு இருபது. காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். காலையில் வந்தவர் இவர்தான் என்று நம்ப அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மாடிப்படி ஏறி வராந்தாவில் திரும்பியபோது தனசேகருக்குக் கால் நின்றுவிட்டது. எதிரே, கையில் ஒரு ஃபைலோடு, ஈரத் தலையை வாரிக்கொண்டு, அந்த நெட்டை ஆள்! பெரியவரின் தங்கை மகன்! இந்தக் கம்பெனியில் ஆபீசரா? அவரும் தனசேகரைப் பார்த்தார். முகம் வெளுத்தது. சட்டென்று திரும்பி, பின்பக்கப் படி வழியாகக் கடகடவென்று இறங்கிப் போய்விட்டார்.

தனசேகருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மாமனோடு கோடவுனில் வேலை செய்தேன் என்று புளுகியவன், தன் கம்பெனியிலேயே வேலை கேட்டு வந்திருக்கிறான். மேனேஜரிடம் சொல்லத்தான் அவ்வளவு வேகமாகப் போகிறார். யாரோ சொல்லித் தெரிவதைவிட நாமே சொல்லிவிடுவது மேல்.

உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் அவருடைய ஈரத் தலையையும் சிவப்புக் கறையையும் பார்த்துவிட்டு, "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார்.

"அதுக்கு முன்னாடி ஒரு உண்மையச் சொல்லிடறேன் சார். நான் ஒரு சாவுல கலந்துக்கினு வரேன்."

"ஓ, சாரி. உறவா?"

"இல்ல சார்."

"ஃப்ரெண்டா?"

"இல்ல சார். உயிரோட பாத்ததே இல்ல."

"பின்ன ஏன் போனீங்க?"

"நாற்காலி நெழல்ல இருந்தது சார்."

நடுவில் இருந்தவர் பேனாவை மூடினார். மற்ற இருவரும் தெலுங்கில் ஏதோ கிசுகிசுத்துக்கொண்டார்கள். பதினெட்டு வருஷ அனுபவத்தைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. "தகவல் சொல்றோம்" என்றார்கள். ஏற்கெனவே நான்கு இன்டர்வியூ பார்த்தவருக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் தெரியும்.

திருப்பதி பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் இப்போது பெஞ்ச் காலியாகவே இருந்தது, மின்விசிறியும் சுற்றியது. பத்து நிமிஷம் உட்கார்ந்தார். ஸ்வர்ணலதா மூன்று முறை கூப்பிட்டாள், எடுக்கவில்லை. வேலையும் இல்லை, பொய்யும் மிச்சம் என்று வீட்டுக்குப் போக அவருக்கு மனம் வரவில்லை. எழுந்து மறுபடி அந்தச் சந்துக்கு நடந்தார்.

ஷாமியானாவைப் பிரித்துவிட்டார்கள். வாசலில் கழுவிவிட்ட ஈரம். பத்மாவதி நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வெங்கடலட்சுமி காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணா" என்றாள் பத்மாவதி.

அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே, ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். "உங்க நைனாவ எனக்குத் தெரியாதும்மா. இன்டர்வியூவுக்கு வந்தேன். ரெண்டரை வரைக்கும் உக்கார எடமில்ல. நெழலப் பாத்து உக்காந்துட்டேன். கோடவுன், டப்பா, எல்லாம் நானா சொன்னது. மன்னிச்சிடும்மா."

பத்மாவதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. கோபப்படவும் இல்லை. மெதுவாகச் சொன்னாள்.

"தெனமும் என்னப் பத்திச் சொல்வாருன்னு சொன்னீங்களே... அத மட்டும் திருப்பி வாங்கிக்காதீங்கண்ணா. அது எங்கிட்டயே இருக்கட்டும்."

தனசேகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நாலு பேர்ல மூணு பேர் சொந்தம்மா. நாலாவதா அன்னியன் நான் ஒருத்தன் கைவெச்சிட்டேன். அதான் பொறுக்கல" என்றார்.

வெங்கடலட்சுமி காபி டம்ளரை அவர் கையில் திணித்தாள்.

"உக்காருய்யா நீ வேற! கண்ணாடிக்காரருக்கும் குண்டா இருந்தவருக்கும் பஸ்சுக்கு நேரம் கெடந்துதாம், அந்த நெட்டக்காரரு உன்னக் கம்பெனி ஆபீசர்னு பயந்துகினு இன்டர்வியூவ வுட்டுட்டு ஓடியாந்துட்டாரு. மூணு பேரும் உனக்கு முன்னாடியே வந்து இதையே சொல்லி அழுதுட்டுப் போய்ட்டாங்க."