ஆறுதல் நோட்டு

மேசை இழுப்பறையில் நோட்டைக் காணவில்லை. எழுத்தருக்கு வியர்த்துவிட்டது.

பதினோரு வருடமாக அவருக்கு மூட்டுவாதம். காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டு முடிக்கவே அரை மணி ஆகும். ஆனால் பார்ப்பதற்கு ஆள் புது மாப்பிள்ளை மாதிரி இருப்பார். அதுதான் வினை. ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

"கோபப்பட்டா வலிதான் கூடும். பேசாம ஒரு நோட்டுல ஆளாளுக்கு மார்க் போடுங்க" என்று வழி சொன்னவள் மனைவி. "பாத்தா தெரியலையே" என்றால் ஐந்து. "எங்க சித்தப்பா நடந்தே சரி பண்ணிட்டாரு" என்றால் எட்டு. "எல்லாம் மனசுலதான் இருக்கு" என்றால் முழுசாகப் பத்து. வீட்டுக்குப் போனதும் இருவரும் படித்துப் படித்துச் சிரிப்பார்கள். அட்டையில் கிண்டலாக 'ஆறுதல் நோட்டு' என்று எழுதிவைத்ததுதான் பிசகு.

மாடிப்படியில் பெருக்குகிற அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பச்சை நோட்டு ஒண்ணு பாத்தீங்களாம்மா?"

"கீழ கிடந்துச்சு சார். மேனேஜர் மேசையில வெச்சேன். அதுக்குக் குனிஞ்சதுல இடுப்பு…"

"உங்களுக்கென்னம்மா, இரும்பு உடம்பு!" என்று சொல்லிக்கொண்டே எழுத்தர் மேலாளர் அறைக்குப் போனார்.

மேலாளர் நோட்டும் கையுமாக இருந்தார். முகம் வாடியிருந்தது.

"ஆறுதல் சொன்னவங்களுக்கெல்லாம் மார்க் போட்டிருக்கீங்க. நல்ல மனசுய்யா. ஆனா காசாளருக்குத் தொண்ணூறு, எனக்கு வெறும் நாப்பதா?"

உண்மையைச் சொன்னால் தரைத்தளத்து மேசை போச்சு. இடம் மாற்றிக் கேட்ட விண்ணப்பம் மூன்று மாதமாக மேலாளர் கையெழுத்துக்குத்தான் காத்துக் கிடக்கிறது. தினமும் இரண்டு மாடி ஏறினால் முழங்கால் ஒரு வருடம்கூடத் தாங்காது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"கூட்டல் தப்பாயிருச்சு சார்" என்று எழுத்தர் அங்கேயே நாற்பதை நூறாக்கினார்.

மேலாளர் பூரித்துப்போனார். "பாத்தீங்களா, என் பேச்சு வேலை செஞ்சிருக்கு! முகமே தெளிஞ்சிருச்சு. இனிமே கீழ மேசை எதுக்கு?"

"ஐயோ, இல்ல சார்! வலி அப்படியேதான் இருக்கு."

"அப்போ ஆறுதல் பத்தலை!" மேலாளர் மணியை அடித்தார். "எல்லாரும் வாங்கய்யா!"

ஐந்து நிமிடத்தில் வாசல் வரை வரிசை. யாரிடமும் வாய் திறக்காத தட்டச்சர்கூட, "இந்த வயசுல மூட்டுவலியா?" என்று கேட்டுவிட்டு நோட்டை எட்டிப் பார்த்தார். காசாளர் விவரமானவர். "எல்லாம் மனசுலதான், எல்லாம் மனசுலதான், எல்லாம் மனசுலதான். முப்பது போடுங்க" என்றார்.

எழுத்தருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எப்படியோ நழுவி மாடிப்படிக்கு வந்து, அந்த அம்மாவின் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார்.

"இந்த ஆபீஸ்லயே நீங்க ஒருத்தர்தாம்மா என் நோட்டுல இல்லை. மனசு நோக ஒரு வார்த்தை பேசினதில்லை. என் கஷ்டம் உங்களுக்காவது புரியும்."

"புரியாம என்ன சார்? நானும் மார்க் போடறவதான்."

"அட! உங்க நோட்டு எங்கம்மா?"

அந்த அம்மா இடுப்பில் கைவைத்து மெதுவாக எழுந்து, துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.

"நோட்டு எதுக்கு சார்? எல்லாம் மனசுலதான் இருக்கு. ஆறு வருசமா அதுல நீங்கதான் முதல்."