முள்ளம்பன்றி அலங்காரம் புருஷன் வழக்கை நடத்திய கதை

ஒரு காட்டில் ஒரு வளை இருந்தது. மேட்டுப்பாங்கான இடம். எத்தனை அடைமழை பெய்தாலும் உள்ளே ஒரு சொட்டு இறங்காது. அதனால்தான் அதில் யாரும் குடியிருக்கவில்லை. நல்ல இடமென்றால் வழக்கு இருக்கும். வழக்கு இருந்தால் வாசலில் சீல் இருக்கும்.

வழக்குப் போட்டது வேலாண்டி என்ற முள்ளம்பன்றி. எதிர்த்தரப்பு சங்கிலி என்ற உடும்பு. வளை தன் பாட்டன் தோண்டியது என்று இதுவும் சொன்னது, அதுவும் சொன்னது. உடும்புப் பிடி உலகறிந்தது, முள்ளம்பன்றியும் சளைத்ததில்லை. இருபது வருஷம் வாய்தாவுக்கு வாய்தா நடந்து, ஒரே மாதத்தில் இரண்டும் கண்ணை மூடின.

சாகும்போது வேலாண்டி மனைவியின் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டு, "அலங்காரம், கேஸை மட்டும் விட்றாத," என்றது. பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அலங்காரத்துக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தலையாட்டியது. சாகிற புருஷனிடம் வாதாட முடியுமா?

தன்னை வாரிசாகச் சேர்க்கச் சொல்லி மனுப் போட்டது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் அலைந்து வாங்கியது. இறந்தவரே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டிய படிவம் ஒன்றும் இருந்தது. அதைக் கொக்கு வக்கீல் எப்படியோ சரிக்கட்டியது. அதே நாளில் உடும்பின் மனைவி பொன்னுருவியும் மனுக் கொடுத்தது. கோர்ட்டில் தட்டச்சு செய்வது மரங்கொத்தி. சாப்பாட்டு வேளை நெருங்கிவிட்ட அவசரத்தில் அது முள்ளம்பன்றிக்கு வாரிசு பொன்னுருவி என்றும், உடும்புக்கு வாரிசு அலங்காரம் என்றும் கொத்திவிட்டுப் போய்விட்டது.

"தப்புத்தான்மா," என்றது கொக்கு, ஒற்றைக்காலில் நின்றபடி. "திருத்தணும்னா தனி மனு. எட்டு வருஷம் ஆகும்."

"இப்படியே விட்டா?"

"உங்க வீட்டுக்காரர் பக்கம் ஜெயிச்சா வளை பொன்னுருவிக்கு. உடும்பு பக்கம் ஜெயிச்சா வளை உங்களுக்கு."

அலங்காரம் இரண்டு நாள் சாப்பிடவில்லை. கேஸை விடாதே என்றுதானே அவர் சொன்னார், எந்தப் பக்கம் நின்று நடத்த வேண்டும் என்று சொல்லவில்லையே என்று மனசைத் தேற்றிப் பார்த்தது. மனசு தேறவில்லை. ஆனால் மழைக்காலம் வந்துகொண்டிருந்தது, பாறையிடுக்கில் பிள்ளைகள் இரண்டும் இருமிக்கொண்டிருந்தன. இருமல் ஜெயித்தது.

விசாரணை நாளில் டவாலி மயில் மூன்று முறை பெயர் கூப்பிட்டது. ஆமை நீதிபதி ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டியது.

"ஐயா, எங்க வீட்டுக்காரர் சொன்னதெல்லாம் பொய்யிங்க," என்று ஆரம்பித்தது அலங்காரம். "அவரோட பாட்டனார் பிறவிச் சோம்பேறி. பல்லு குத்தக்கூட ஆள் தேடுவார், வளையா தோண்டுவார்? எங்க வீட்டுக்காரர் எல்லைக்கல்லுன்னு ஒண்ணு காட்டினாரே, அது பக்கத்துக் காட்டுல இருந்து உருட்டிட்டு வந்தது. பின்னாடி இருந்து தள்ளினதே நான்தான்."

பொன்னுருவி மட்டும் விடுமா? "எங்க வீட்டுக்காரர் காட்டின பத்திரம் வெறும் பனையோலைங்க. கரையான் அரிச்ச தடத்தைக் கையெழுத்துன்னு சொல்லி உங்களையே நம்ப வச்சாரு."

சபை சிரித்தது. ஆமை சிரிக்கவில்லை. வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்த்தது. யாருக்கு யார் புருஷன் என்று புரியவில்லை. "அது இந்த நீதிமன்றத்துக்கு அவசியமும் இல்லை," என்று சொல்லிவிட்டுத் தீர்ப்பு எழுதியது. இரண்டு தரப்பும் பொய். வளை புறம்போக்கு. பழைய வழக்குக் கட்டுகள் மழையில் நனைவதால், இனி அது நீதிமன்றத்தின் ஆவண அறை. சீலை உடைத்தார்கள். முதல் கட்டாக வேலாண்டியின் வழக்கே சொகுசாக உள்ளே போனது.

வெளியே தூறல் போட்டது. அலங்காரம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அழுதது. "வளையும் போச்சு. அவரை நாலு பேர் முன்னால பொய்யர்னும் சொல்லிட்டேன், அக்கா."

"நானும்தானே சொன்னேன்," என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தது பொன்னுருவி. "ஆனா அந்தக் கல்லைப் பத்திச் சொல்றப்போ உன் முகம் மலர்ந்துச்சே."

"இருபது வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்ச வேலை அது ஒண்ணுதான்," என்றது அலங்காரம்.

கொக்கு தத்தித் தத்தி வந்தது. "அப்பீல் போகலாம்மா. இந்தத் தடவை கோர்ட்டையே எதிர்த்து."

"யார் பேர்ல?"

"புருஷங்க கணக்கு முடிஞ்சுது. உங்க ரெண்டு பேர் பேர்லயும்தான்."

அலங்காரம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. பொன்னுருவியைப் பார்த்தது. பிறகு, "முதல்ல என் பேரைப் போடுங்க," என்றது.

நீதி: புருஷன் வழக்கில் தோற்றால்தான் பெண்சாதிக்குச் சொந்தமாக ஒரு வழக்கு அமையும்.