எதிர்வீட்டு மீட்டர் நின்றுபோன விவரம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். போனில் சொன்னால், "அப்பா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்பாய். கடிதத்தை நடுவில் வெட்ட முடியாதல்லவா, அதனால்தான் இந்த ஏற்பாடு.

எல்லாம் உன்னால் வந்த வினை. "பொழுதே போகலைம்மா" என்று நான் ஒரு வார்த்தை சொன்னதற்கு, "தினமும் உங்களைச் சுத்தி ஒரு அதிசயத்தைப் பாருங்கப்பா, போட்டோ எடுத்து அனுப்புங்க, மனசு லேசாயிடும்" என்றாய். மறுநாளே கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். சமையலறையில் ஓர் எறும்பு வரிசை. நம் வீட்டுச் சர்க்கரையைத் தூக்கிக்கொண்டு இதுகள் எங்கேதான் போகின்றன என்று முட்டி போட்டுப் பின்னாலேயே போனேன். வாசலைத் தாண்டி எதிர்வீட்டுக் கதவுக்கு அடியில் நுழைந்தன. நானும் தரையில் கன்னத்தை வைத்து எட்டிப் பார்க்கிறேன், கதவு திறக்கிறது. அங்கே தனியாகக் குடியிருக்கும் ரிட்டயரான நர்ஸம்மா. "என்ன தேடறீங்க?" என்றார். "அதிசயம்ங்க" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டார்.

சரி, நமக்குத் தெரிந்த இடத்தில் தேடுவோம் என்று கீழே மீட்டர் அறைக்குப் போக ஆரம்பித்தேன். வேலைக்காலம் பூராவும் வீடு வீடாக ரீடிங் எடுத்தவன் அல்லவா நான்? அப்போது எண்ணை மட்டும்தான் பார்த்தேன். ஒவ்வொரு மீட்டரிலும் ஒரு சிவப்பு விளக்கு, கரண்ட் ஓட ஓட மினுக்கும். நின்று பார்த்தால், இதோ மாடிவீட்டில் இஸ்திரி போடுகிறார்கள், இதோ கடைசி வீட்டுப் பிள்ளை வெந்நீரில் குளிக்கிறது என்று கட்டிடமே மூச்சுவிடுவது தெரிகிறது. படம் எடுத்து அனுப்பினேன். நீ ஒரு கட்டைவிரல் போட்டாய்.

செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டு மீட்டர் மினுக்கவில்லை. வெகுநேரம் நின்று பார்த்தேன். ஃப்ரிட்ஜ் இருக்கிற வீட்டில் இப்படி நிற்காதே! நர்ஸம்மா போய்ச் சேர்ந்துவிட்டார் என்றே முடிவுகட்டி, வாட்ச்மேனை இழுத்துவந்து, கம்பியால் பூட்டை நெம்பி உடைத்தோம். கதவுக்கு வெளியே பூட்டுத் தொங்கினால் ஆள் எப்படி உள்ளே இருப்பார் என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. படி நிறையக் கூட்டம். அதை விலக்கிக்கொண்டு காய்கறிப் பையோடு வந்த நர்ஸம்மா, "யாருங்க போயிட்டாங்க?" என்று தணிந்த குரலில் விசாரித்தார்.

"நீங்கதாம்மா" என்றார் வாட்ச்மேன்.

ஃப்ரிட்ஜைக் கழுவ மெயினை அணைத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தாராம். திட்டுவார் என்று பார்த்தால், "எந்த விளக்கு? காட்டுங்க" என்று கூடவே இறங்கி வந்தார். அவருடையதைக் காட்டினேன், நம்முடையதையும் காட்டினேன்.

"உங்களது ஏன் மத்ததைவிட இவ்வளவு மெதுவா மினுக்குது?"

"ஒரு ஆளுதானேங்க" என்றேன். அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தாலும் ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும், விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும், ஒருத்தருக்கும் தெரியாது. உன் அம்மா போன பிறகு வாயே திறக்காமல் பொழுது சாய்கிற நாளெல்லாம் உண்டு. முடியலைம்மா. ஞாயிற்றுக்கிழமை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடு. ஹாலில் ஒரு மூலை போதும், பேத்தியின் மேசையைத் தொடமாட்டேன். அவசரக்காரன் என்பாய், ஃப்ரிட்ஜைக் காலி செய்து மெயினையும் அணைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, பேத்திக்கு முத்தம். உங்கள் வீட்டு மீட்டர் ஓயாமல் மினுக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம். கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் தாழ்ப்பாள் பெயர்ந்து கதவு திறக்கிறது. கம்பியோடு வாட்ச்மேன், பின்னால் நர்ஸம்மா. எழுதுகிற மும்முரத்தில் அவர்கள் தட்டியது என் காதில் விழவில்லை. அந்த அம்மா ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ணி முடித்த பிறகுதான் மூச்சே விட்டார். "உங்க விளக்கு மினுக்கலைங்க... தினமும் காலையில அதைப் பாத்துட்டுத்தான் கடைக்குப் போவேன்" என்றார். நீ கேட்ட அதிசயம் அதுதானம்மா, ஆனால் கை அவர் பிடியில் இருந்ததால் போட்டோ எடுக்க முடியவில்லை. தாழ்ப்பாள் போடத் தச்சர் நாளைக்கு வருகிறார். மெயினைப் போட்டுவிட்டேன். ஃபேனை முழு வேகத்தில் வைத்திருக்கிறேன், குளிர்தான், இருக்கட்டும், கீழே பார்க்கிறவருக்கு நன்றாகத் தெரியவேண்டும்.